ஏசுபாதம் சொன்ன பரிச வார்த்தை

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஏசுபாதத்தைப் பற்றிக் குறை சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. பல்லவன் பஸ்ஸில் கண்டக்டர். தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே போய் வந்துகொண்டே தலைமயிர் பாதி நரைத்துவிட்ட மனுஷன். சில்லறை இல்லாமல் ஏறுகிறவனைக்கூட "பரவால்ல ஐயா, எறங்கும்போது பாத்துக்கலாம்" என்பார். படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பையன்களிடம் "உள்ள வா கண்ணு, அம்மா தேடுவாங்க இல்ல" என்பார். ஒரு கண்டக்டர் இப்படிப் பேசினால் ஊர் நம்புமா? டிப்போவில் அவருக்கு ஃபாதர் என்று பேர் வைத்தார்கள். தெருவில், இந்த ஆள் வீட்டுக்குள் எப்படியோ என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் அவர்கள் காத்திருந்தது கிடைத்தது.

அன்று விடிகாலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே வலது பக்கமாகச் சரிந்தார். அடுப்படியில் இருந்த அவர் மனைவி அருள்மேரிக்கு டம்ளர் உருண்ட சத்தம்தான் கேட்டது. ஆனால் நடுவில் ஒரு செங்கல் சுவர் மட்டுமே உள்ள பக்கத்து வீட்டுத் தையல்நாயகிக்கு அதற்கு முன்னால் ஒரு வார்த்தையும் கேட்டதாம். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது தையல்நாயகிக்கு எப்போதும் கொஞ்சம் முன்கூட்டியே கேட்கும்.

அந்த வார்த்தை, பேமானி.

பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோதும் ஏசுபாதம் அதைத்தான் சொன்னார். அருள்மேரி "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். "பேமானி" என்றார். வேண்டும் என்று தலையாட்டினார். சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று காதில் விழுந்ததும், இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வலது கை வரவில்லை. நர்ஸ் வந்தாள், "பேமானி." பக்கத்துக் கட்டில்காரர் ஆரஞ்சுப் பழம் நீட்டினார், "பேமானி." ஒவ்வொரு தடவையும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் கலங்கி, அருள்மேரியைப் பார்த்தார்.

டாக்டர் சாவித்ரி சின்ன வயசுக்காரி. பொறுமையாகப் பேசினாள்; அந்த வார்டில் அது பெரிய விஷயம்.

"மூளை இவ்வளவுதாம்மா" என்று இரண்டு கைகளையும் மடக்கி ஒட்டவைத்துக் காட்டினாள். "வார்த்தையைத் தேடி எடுத்துக் கோத்துக் குடுக்கற இடம் இடது பக்கம், நெத்தியோரமா இருக்கு. அங்க ரத்தம் போற குழாய் அடைச்சுக்கிட்டது. வலது கை விழுந்ததும் அதனாலதான். இடது பக்க மூளைதான் வலது பக்க உடம்பைப் பாத்துக்குது."

"பேச்சு போச்சுன்னா முழுசா போவணும் இல்லம்மா. திட்டு மட்டும் எப்பிடி வருது?"

"நாம யோசிச்சுப் பேசறது ஒரு வழி. சின்ன வயசுலேர்ந்து பழகின செபம், பாட்டு, ஒண்ணு ரெண்டு எண்றது, கோவத்துல வர்ற வார்த்தை, இதெல்லாம் வேற வழியா வரும். அந்த வழி இவருக்குத் திறந்துதான் இருக்கு. இவர் தண்ணின்னு சொல்லத்தான் நினைக்கறார். வாய்க்குக் கிடைக்கறது இது ஒண்ணுதான். நீங்க பேசறது அவருக்குப் பெரும்பாலும் புரியும். அவரை முட்டாளாக்கிடாதீங்க."

அருள்மேரி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "அப்போ அந்த வார்த்தை யாருக்கும்மா?"

"யாருக்கும் இல்லை. சில பேருக்கு விழற நேரத்துல நாக்குல இருந்தது தங்கிடும்னு சொல்றாங்க. அது நிச்சயமும் இல்லை."

யாருக்கும் இல்லை என்பதை டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அருள்மேரி அல்லவா அந்தத் தெருவுக்குத் திரும்பி வர வேண்டும்?

தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தையல்நாயகி கட்சி, மனுஷனின் உள்குணம் வெளியே வந்துவிட்டது என்றது. இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்தாராம், மூடி கழன்றுகொண்டதாம். அனுதாபம் பொங்க வந்து உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, தையல்நாயகி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அருளு, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே? அன்னிக்கு அண்ணன் யாரைப் பாத்துச் சொன்னாரு? வூட்ல நீ ஒருத்திதான இருந்தே?"

"உனக்குத்தான் சொவுரு வழியா கேட்டுச்சே. யாரைன்னு கேக்கலையா?"

தையல்நாயகி அதற்குள் வீட்டில் பால் பொங்குவது ஞாபகம் வந்து எழுந்துவிட்டாள்.

வாயால் அடித்துவிட்டாளே தவிர, அருள்மேரிக்கு அது முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. அவள் கேம்ப் ரோட்டில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிடும்போதும், பால்சட்டியைக் கழுவும்போதும் அந்தக் காலையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். சண்டை ஒன்றும் இல்லை. காப்பியில் சர்க்கரை குறைவா? முதல் நாள் சட்டைக்கு இஸ்திரி போடாததா? ஒருநாள் பால்சட்டியைக் கவிழ்த்து வைக்கும்போது அவளுக்கே அலுத்துப்போனது. என்னைத்தான் சொல்லியிருக்கட்டுமே! இத்தனை வருஷத்தில் ஒரு தடவை பெண்டாட்டியைத் திட்ட அந்த மனுஷனுக்கு உரிமை இல்லையா? நான் அவரைத் திட்டியதைக் கணக்குப் பார்த்தால் கர்த்தரே காதைப் பொத்திக்கொள்வார். அன்றோடு அந்தக் கேள்வியைத் தலைமுழுகினாள்.

இரண்டாவது கட்சி, ஏசுபாதம் நடிக்கிறார் என்றது. அதற்குக் காரணம், கல்லைக் குகைபோல அடுக்கி மாதா சொரூபம் வைத்திருந்த மாதா கெபி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கெபிக்கு முன்னால் செபமாலை நடக்கும். அருள்மேரி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் உட்காரவைத்தாள். மங்கள வார்த்தை செபம் தொடங்கியதும், எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி ஏசுபாதம் முழு செபத்தையும் கணீரென்று சொன்னார். ஓர் எழுத்து பிசகவில்லை. மாதா பாட்டை மூன்று சரணமும் பாடினார். முடிந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் உருகிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "மாதா புதுமை பண்ணிட்டாங்க, எப்பிடி கீறே ஏசுபாதம்?" என்றார்.

"பேமானி" என்றார் ஏசுபாதம்.

தலைவர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். அடுத்த நாளே பக்கத்துக் காலனி வரைக்கும் செய்தி போய்விட்டது. ஏஜீஸ் ஆபீஸில் ரிடையரான தோத்தாத்ரி சார், "பாட்டு வர்றதாம், பேச்சு வரலையாம். லாஜிக்கே இல்லையே! மெடிக்கல் லீவுக்கு இதெல்லாம் ஒரு டெக்னிக்" என்று வாக்கிங் போகிற இடமெல்லாம் தீர்ப்புச் சொன்னார். கமிட்டித் தலைவர் வீட்டுக்கே வந்து, கொஞ்ச நாள் வீட்டிலேயே செபம் பண்ணட்டுமே, சின்னப் பிள்ளைகள் வருகிற இடம் என்றார்.

"சின்னப் பிள்ளைங்களா? ஐயா, நான் ஆயா. அதுங்க பேசற பேச்சைக் கேட்டா நீங்க கோயிலையே இழுத்துப் பூட்டிடுவீங்க" என்றாள் அருள்மேரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையிலேயே அவரை உட்காரவைத்தாள்.

இதோடு போயிருந்தால் ஊர் வேறு கதைக்கு நகர்ந்திருக்கும். ஆனால் நடுவில் பிலோமினாவின் பரிசம் வந்து நின்றது.

பிலோமினா ஒரே பெண். சானட்டோரியம் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனியில் தைக்கிறாள். ஏசுபாதம் நன்றாக இருந்தபோதே கோவளத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். பையன் கிளமென்ட், காட்டாங்குளத்தூர் காலேஜில் லேப் அட்டெண்டர். அவன் அப்பா சவுரிமுத்து ஐஸ் வண்டி ஓட்டுகிறார். அம்மா ஞானம்மாள், அந்த வீட்டின் கலெக்டர். பையனும் பெண்ணும் ஏற்கெனவே மகாபலிபுரம் பஸ்ஸில் சேர்ந்து காணப்பட்டார்கள் என்பது தெருவுக்குத் தெரியும்; அருள்மேரிக்குத் தெரியாது என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணம் சாமியார் முன்னால் நடந்தாலும், பரிசம் பழைய முறைதான். பெண்ணைப் பெற்றவனும் பிள்ளையைப் பெற்றவனும் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது பெண்ணின் அப்பன் சபை கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது." பிள்ளையின் அப்பன் திருப்பிச் சொல்வான்: "பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது." இப்படி மூன்று தடவை. சொன்னால்தான் பரிசம். தட்டு மட்டும் கை மாறினால் அது தேங்காய் பழம் கொடுத்ததோடு சரி.

ஏசுபாதத்தின் தம்பி துரை, மடிப்பாக்கத்தில் செங்கல் மணல் வியாபாரம் பண்ணுகிறவன். வெள்ளைச் சட்டையும் மேல் பாக்கெட்டில் இரண்டு பேனாவும் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. பரிசத்துக்கு முந்தின வாரம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, நான் எல்லாம் பேசி வெச்சிட்டேன். அண்ணனுக்கு வாயே வரலை, படுத்த படுக்கைன்னு கோவளத்துல சொல்லிட்டேன். பரிசம் அன்னிக்கு அண்ணனை பல்லாவரத்துல அக்கா வூட்ல வுட்டுடுவோம். தட்டை நான் மாத்திக்கிறேன்."

"படுத்த படுக்கையா? காலையில கேம்ப் ரோடு வரைக்கும் நடந்து போயி டீ குடிச்சிட்டு வந்தாரு."

"குடிச்சிட்டு டீக்கடைக்காரனை இன்னா சொன்னாரு?"

அருள்மேரி முறத்தை இழுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

"டீக்கடைக்காரன் சும்மா இருப்பான். சம்பந்தி இருப்பாரா? ஞானம்மா அக்கா இருப்பாங்களா? நாலு பேரு கூடியிருக்கிற சபையில ‘பேமானி’ன்னா பொண்ணு வாழ்க்கை இன்னா ஆவும்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"துரை, ஒண்ணு சொல்லு. அப்பன் சொல்ற வார்த்தையை சித்தப்பன் எப்போ சொல்லுவான்?"

துரை பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அப்பன் செத்துட்டாத்தான சொல்லுவான்? என் புருஷன் டீ குடிச்சிட்டு வந்து உள்ள உக்காந்துகினு கீறாரு. அவரை நீ எப்போ பொதைச்சே?"

"அய்ய, இன்னா அண்ணி..."

உள் அறைக் கதவருகே ஏசுபாதம் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தம்பியைப் பார்த்து வாயைத் திறந்தார். பிறகு திறந்த வாயை மூடிக்கொண்டு, திரும்பி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால்கூட அருள்மேரிக்கு அவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

பெண்ணும் சித்தப்பா பக்கம்தான். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்து தலை வாரிக்கொண்டே, "அம்மா, ஞானம்மா அத்தை சரியான பேஜார் புடிச்ச ஆளு. ஒரு வார்த்தை தப்பா போச்சின்னா நாள் பூரா அதையே புடிச்சிக்கினு தொங்குவாங்க. ஒரு நாள்தான, சித்தப்பா சொல்றா மாரியே செஞ்சிடலாமே" என்றாள்.

"ஒரு நாளா? பரிசத்துக்கு ஒளிச்சி வெச்சா கல்யாணத்துக்கும் ஒளிச்சி வெக்கணும். அப்பறம் தலைப்பிரசவத்துக்கு வருவே. அப்போ உங்கப்பனை எந்த பீரோவுல வெச்சிப் பூட்டுவே?"

பிலோமினா சீப்பை வைத்துவிட்டு அழுதாள். அருள்மேரி சமாதானம் செய்யப் போகவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது.

பள்ளியில் வாய் திறக்காத பிள்ளைகளைப் பாட்டுப் பாடிப் பேசவைத்தவள் அல்லவா? செபமும் பாட்டும் வருகிற வழி திறந்திருக்கிறது என்று டாக்டரே சொல்லியிருக்கிறாள். அந்த வழியிலேயே இந்தப் பரிச வார்த்தையையும் ஏற்றிவிட்டால்? மாதா பாட்டின் மெட்டில் "பரிசம் எங்களுது, பொண்ணு உங்களுது" என்று போட்டு அவர் முன்னால் உட்கார்ந்து பாடினாள். ஏசுபாதம் உற்சாகமாகத் தலையாட்டினார். வாயைத் திறந்தார். மெட்டு வந்ததோ இல்லையோ, அதன் பழைய வார்த்தைகள் வந்து அவரைப் பிடித்துக்கொண்டன. மூன்று சரணத்தையும் முடித்து, சிலுவை அடையாளம் போட்டுவிட்டுத்தான் நின்றார்.

அடுத்து பஸ் நிறுத்தங்களைப் பிடித்தாள். தாம்பரத்திலிருந்து ஆரம்பித்தால் அவருக்கு எல்லாமே வரிசையாக வரும். நடுவிலிருந்து வராது. மேடவாக்கம் என்று சொல்ல வேண்டுமானால்கூட தாம்பரத்திலிருந்து கிளம்பித்தான் வர வேண்டும்.

"தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு, பரிசம் எங்களுது. எங்க, சொல்லு."

"தாம்பரம், சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம்..." அவர் நிற்கவில்லை. பள்ளிக்கரணை தாண்டி வேளச்சேரியில் போய்த்தான் மூச்சு விட்டார்.

"யோவ், பரிசத்தை ஏத்தாமலே வண்டியை எடுத்துட்டியே!" என்றாள் அருள்மேரி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. அவளும் சிரித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்நாயகி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

சிரித்து முடித்ததும் ஏசுபாதம் தானாகவே முயற்சி பண்ணினார். உதட்டைக் குவித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. வேர்த்துக் கொட்டியது. "பே... பே..." என்று முட்டி முட்டி, கடைசியில் அதேதான் வந்தது. இடது கையால் தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டார். இரண்டாவது அடி விழுவதற்குள் அருள்மேரி கையைப் பிடித்துவிட்டாள்.

"போதும். வுடு. அந்த வாய் இன்னா பாவம் பண்ணுச்சி?"

கையைப் பிடித்துக்கொண்டே யோசித்தாள். தண்ணீர் கேட்கும்போது அந்த வார்த்தை மேலே ஏறி முடியும். வேண்டாம் என்றால் தரையில் விழும். கொசு வலை கட்டச் சொல்வது ஒரு மாதிரி, ரேடியோவை நிறுத்தச் சொல்வது ஒரு மாதிரி. இந்த மூன்று மாதத்தில் அவர் கேட்டதில் எதையாவது அவள் தப்பாக எடுத்து வந்திருக்கிறாளா? வார்த்தைதான் ஒன்று. ராகம் அத்தனையும் அவருடையது, அப்படியே இருக்கிறது. ஊருக்குக் காது கேட்கவில்லை என்றால் இவர் ஏன் வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்?

"இங்க பாருய்யா. நீ மனசுல பரிசம் எங்களுதுன்னு சொல்லு. வாய் எத்தை வோணா சொல்லட்டும். உன் பொண்ணை நீதான் குடுக்கறே."

ஏசுபாதம் அவள் பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் வாயைப் பொத்திக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

பரிசத்தன்று காலையில் கோவளத்து வேன் வந்து நின்றது. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலுக்குள் அழைக்கப்பட்டவர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் அழைக்கப்படாதவர்கள். இரண்டாவது கூட்டம்தான் பெரிசு. ஏசுபாதம் வெள்ளைச் சட்டையில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பல்லாவரத்துக்குக் கூட்டிப்போக ஆட்டோ கொண்டுவந்திருந்த துரை, அருள்மேரி ஆட்டோக்காரனுக்கு இட்லி கொடுத்து அனுப்பிவிட்டதைக் கண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

ஞானம்மாள் இறங்கியதும் ஏசுபாதத்தைப் பார்த்தாள். "இன்னா துரை, படுத்த படுக்கைன்னே? ராசா மாரி உக்காந்துகினு கீறாரு."

"இன்னிக்குக் கொஞ்சம் தேவலாம்க்கா. வாய்தான் சுத்தமா வரலை."

பெரியவர் ஒருவர் செபத்தைத் தொடங்கினார். உடனே ஏசுபாதத்தின் குரல் பந்தல் முழுக்க எழுந்தது. செபம் முழுவதையும் எல்லோருக்கும் முந்திச் சொல்லி முடித்தார். ஞானம்மாள் துரையை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாய் வரலைன்னியே?"

"செபம் மட்டும் வரும்க்கா..."

"செபம் வர்ற வாய்க்கு இது வராதா? பெத்த அப்பன் வாயால கேட்டாத்தான் எங்களுக்கும் மரியாதை. நீ தள்ளு. அவரே சொல்லட்டும்."

துரையின் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அருள்மேரி தாம்பூலத் தட்டை எடுத்து ஏசுபாதத்தின் இடது கையில் வைத்தாள். தொங்கிய வலது கையைத் தூக்கி, விரல்களைத் தட்டின் விளிம்பில் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள். எதிரே சவுரிமுத்து, பட்டுப் புடவையும் பூவும் வைத்த தன் தட்டோடு நின்றார்.

ஏசுபாதம் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"பேமானி பேமானி, பேமானி பேமானி."

ராகம் பிசகவில்லை. முதல் பாதி எடுத்துக் கொடுத்தது, இரண்டாம் பாதி இறங்கி வந்தது. கண்ணை மூடிக் கேட்டால் பரிச வார்த்தைதான். ஆனால் சபை கண்ணைத் திறந்துகொண்டல்லவா இருந்தது? வேலிப் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது யாரென்று தையல்நாயகி திரும்பித் தேடினாள். பிறகு தானே வாயை மூடிக்கொண்டாள்.

ஞானம்மாள் சிவந்துபோனாள். "இன்னா சம்பந்தி இது! வூட்டுக்கு வரவெச்சி, சபையில நிக்கவெச்சி திட்டறீங்களா? செபத்துக்கு வாய் வரும், எங்களுக்கு இதுதான் வருமா?"

"நான் அப்பவே சொன்னேன்க்கா" என்று துரை முன்னால் வந்தான்.

"நீ அங்கயே நில்லு." அருள்மேரி கையைத்தான் நீட்டினாள். துரை நின்றுவிட்டான். அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இவருக்கு மூளையில ஒரு எடத்துல ரத்தம் அடைச்சிக்கிச்சி. வார்த்தை மாட்டிக்கினு கீது. மனசு மாட்டலை. செபம் ஒரு வழியில வருது, பேச்சு வர்ற வழி அடைஞ்சு போச்சு. டாக்டரு சொன்னது இது. நம்பாதவங்க ஆஸ்பத்திரிக்குப் போயி கேட்டுக்கலாம், பஸ்சு கீது. நடிக்கறாருன்னு சொன்னவங்களும் இங்கதான் கீறீங்க, குணம் கெட்டவருன்னு சொன்னவங்களும் வேலியாண்ட கீறீங்க. நல்ல வார்த்தையாவே பேசிக்கினு என் புருஷனைச் செத்தவங்க கணக்குல சேத்தீங்களே, அது எந்தப் பேமானித்தனத்துல சேத்தி? அவரு பொண்ணை அவரு குடுத்தாரு. நான் கேட்டேன். வாங்கறதா இருந்தா அவரு கையிலேர்ந்து வாங்குங்க. இல்லைன்னா வேன் வெளியிலதான் நிக்குது. அழகா பேசற ஆளுதான் வோணும்னா, தோ துரை கீறான். அவனுக்குப் பொண்ணு கீதான்னும் அவனையே கேட்டுக்கங்க."

துரைக்கு இரண்டும் பையன்கள்.

வேன் கிளம்பிவிட்டால் பெண் ஆயுசுக்கும் தன்னை மன்னிக்கமாட்டாள் என்று அருள்மேரிக்குத் தெரியும்.

ஞானம்மாள் அவளைப் பார்க்காமல் நேராகப் பெண்ணிடம் போனாள். பிலோமினா தலை குனிந்து பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொல்லு பொண்ணே. உங்கப்பா இப்போ இன்னா சொன்னாரு?"

பிலோமினா நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"என்னைக் குடுக்கறேன்னாரு அத்தை."

"நெசமாவா?"

"மனசில்லாம குடுக்கறாரு. தட்டை எப்பிடி புடிச்சினு கீறாரு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். இடது கை விரல்கள் வெளுத்துப்போகிற அளவுக்கு ஏசுபாதம் தட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். விட்டுவிடுகிற உத்தேசமே தெரியவில்லை. சவுரிமுத்து அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஞானம்மாளுக்கு வாழ்க்கைப்பட்டவர், பழக்கம் அப்படி. இப்போது பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"நம்ம ரோசியைக் குடுக்கும்போது நானும் இப்பிடித்தான் புடிச்சினு நின்னேன். நீதான்டி கையில கிள்ளுனே" என்று மனைவியிடம் சொன்னார். பிறகு ஏசுபாதத்துக்கு நேராக நிமிர்ந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது!"

இரண்டாவது தடவை ஏசுபாதம் சொன்னபோது குரல் பாதியில் உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை, சேலையூர் ஏரியில் இருக்கிற கொக்கெல்லாம் எழுந்து பறக்கிற மாதிரி சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டை விட்டார். ஞானம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புகை கண்ணில் பட்டதாக யாரும் கேட்காமலே விளக்கம் கொடுத்தாள்.

துரைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பந்தலோரம் அருள்மேரியிடம் வந்து, "அண்ணி, நாளைக்கு யாரும் குத்தம் சொல்லக்கூடாது பாரு. முறைக்கு ஒரு தபா நானும் அந்த வார்த்தையைச் சொல்லிடறேன்" என்றான்.

"பரிசம் முடிஞ்சிபோச்சி துரை. நீ போயி பாயைப் போடு, பந்தி வெக்கணும். மொத எலை எங்க வூட்டுக்காரருக்கு."

முதல் இலையில் ஏசுபாதமும் சவுரிமுத்துவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மேடவாக்கத்துச் சமையல் ஆட்கள் பிரியாணி வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு இந்த ஊர்க் கதை ஒன்றும் தெரியாது. பரிமாறுகிறவன் ஏசுபாதத்தைத் தாண்டி ஓர் அடிதான் எடுத்து வைத்திருப்பான்.

"பேமானி!"

வாளியோடு அவன் துள்ளித் திரும்பினான். "இன்னாக்கா இவரு? சோறு போடறவனைப் பாத்து திட்டறாரு!"

"திட்டலைப்பா. அவருக்கு வாயில அந்த வார்த்தைதான் வரும்" என்று சவுரிமுத்து புதுச் சம்பந்திக்காகப் பரிந்து பேசினார். "தயிர் பச்சடி கேக்கறாரு போல."

அருள்மேரி எட்டி இலையைப் பார்த்தாள்.

"இல்ல சம்பந்தி. இது திட்டுதான்" என்றாள். "கறியைப் பூரா அந்தப் பக்கம் வெச்சிட்டு, பொண்ணைப் பெத்தவருக்கு வெறும் எலும்பாப் போட்டிருக்கான் பாருங்க. டேய், வாளியை இங்க கொண்டா."